கூடு மட்டும் பழசு

இலுப்பூர்,
14 ஜூலை 2024

அண்ணனுக்கு,

உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருப்பது இதற்குள் புரிந்திருக்கும். அண்ணி போனிலிருந்து கூப்பிட்டீர்கள், அதையும் தடுத்துவிட்டேன். பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், பக்கத்து வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார். எழுத்தில் கத்த முடியாது. அதனால் எழுதுங்கள்.

நீங்கள் கோயம்புத்தூரில் வாங்கி லாரியில் போட்டு அனுப்பிய கியர்பாக்ஸ் வெள்ளிக்கிழமை மறுபடியும் கைவிட்டது. அன்றைக்குப் புதுக்கோட்டையில் வீல்சேர் அளவெடுக்கும் முகாம். என் பிள்ளைகளில் தேவிப்ரியா என்று ஒருத்தியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பதினாலு வயது. கழுத்தும் முதுகும் நிற்காது, பஸ்ஸில் உட்கார வைக்க முடியாது. பள்ளிக்கூடம் அவளிடம் வராது என்பதால் நான் வீட்டுக்குப் போய்ப் பாடம் எடுக்கிறேன். அவளையும் அவள் அம்மா பொன்னுத்தாயையும் ஏற்றிக்கொண்டு காலையிலேயே கிளம்பினேன்.

அன்னவாசல் தாண்டியதும் வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் ஏறுகிறது. ஏசியும் நின்றுபோய், பிள்ளை பின் சீட்டில் அம்மா மடியில் வேர்த்துக் கிடந்தாள். பொன்னுத்தாய் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், எறக்கித் தூக்கிட்டுப் போயிரவாங்க? அங்கிட்டு ஒரு கருவ மரம் தெரியுது" என்றது. தூக்கிக்கொண்டு போய் அந்த நிழலில் வைத்துக்கொண்டது. என்னால் தூக்க முடியாது, உங்களுக்குத் தெரியும். குடையை மட்டும் பிடித்தேன். கடைசியில் செங்கல் இறக்கிவிட்டு வந்த ஒரு மினி லாரியில் திரும்பினோம். முகாம் அதற்குள் முடிந்திருந்தது. அடுத்தது செப்டம்பரில்.

நேற்று மெக்கானிக் கருப்பன் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டீச்சர், இது புதுசு இல்ல. பழசப் பிரிச்சுப் பூட்டி பெயின்ட் அடிச்சு அனுப்பிருக்காங்க."

புத்தம் புதுசு, பெட்டி பிரிக்காதது என்று சொன்னது நீங்கள். என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மரிய செல்வி


கோயம்புத்தூர்,
19 ஜூலை 2024

சேசு மரி சூசை

செல்விக்கு,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது, அதற்கும் ஒரு குற்றப்பத்திரிகை வரும்.

கருப்பன் யார்? டிராக்டர் பார்க்கிறவர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அவர் வாழ்க்கையில் எத்தனை தடவை பார்த்திருப்பார்? அவர் மாட்டத் தெரியாமல் மாட்டிவிட்டு, பழியைச் சாமான் மேல் போடுகிறார். நீ அதை நம்பி எனக்குச் சம்மன் அனுப்புகிறாய்.

நானே நேரில் போய்ப் பார்த்து வாங்கினேன். மரப்பெட்டி. உள்ளே கண்ணாடித்தாள் சுற்றியிருந்தது. ஆயில் போகிற ஓட்டைகளுக்கெல்லாம் தூசி போகாமல் மஞ்சள் மூடி போட்டிருந்தது. வெள்ளி மாதிரி மின்னியது. "புதுசுதானே?" என்று கேட்டேன். கடைக்காரர் சூர்யபிரகாஷ், "புதுசு இல்லாம என்னங்க சார்" என்றார். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய? மில்லில் கணக்கு எழுதுகிறவன் நான். கியர்பாக்ஸோடு பிறந்தவனா?

இன்னொன்று. நடுரோட்டில் இப்படி நிற்பது முதல் தடவை இல்லை. இன்றைக்குப் பகல், கூட ஆள் இருந்தது. நாளைக்கு இருட்டில் விராலிமலைக் காட்டில் நின்றால்? இங்கே மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. உன் அண்ணி ஏஞ்சலும் வா வா என்கிறாள். கோயம்புத்தூரில் இல்லாத சிறப்புப் பள்ளியா? வண்டியை விற்றுவிட்டு வந்து சேர். எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்.

அந்தோணி


இலுப்பூர்,
24 ஜூலை 2024

அண்ணனுக்கு,

கடிதத்தின் தலையில் சேசு மரி சூசை என்று சாமி பெயர்களைப் போட்டுவிட்டு அடியில் கருப்பனை அவ்வளவு கேவலமாக எழுதலாமா?

பெட்டி, கண்ணாடித்தாள், மஞ்சள் மூடி. பெண் பார்க்கப் போனவர் பந்தலைப் பார்த்துவிட்டு வந்த கதையாக இருக்கிறது. நான் பெண்ணைப் பார்த்தேன். கருப்பன் அதைப் பலகை மேல் வைத்து டார்ச் அடித்துக் காட்டினார், நானும் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

மின்னியது என்கிறீர்களே, அதுதான் முதல் சந்தேகம். புது அலுமினியம் மின்னாது. சாம்பல் பூத்த மாதிரி மங்கலாகத்தான் இருக்கும். இதில் கூட்டின் மேல், போல்ட் தலையின் மேல், ரப்பர் சீலின் ஓரத்தில்கூட ஒரே வெள்ளிப் பெயின்ட். தொழிற்சாலையில் ரப்பருக்கா பெயின்ட் அடிப்பார்கள்? பெயின்டைச் சுரண்டினால் போல்ட் தலைகளில் ஸ்பானர் கடித்த தழும்பு. முன்னால் வட்டமாக ஒரு டப்பா இருக்கிறது, இன்ஜினோடு சேருகிற இடம். அதை ஒரு தடவைதான் வெல்டிங் வைத்து மூடுவார்களாம். இதில் முதல் தையலை அறுத்துத் திறந்து, பக்கத்திலேயே இன்னொரு தையல் போட்டிருக்கிறது. கூட்டை வார்த்த வருஷம் ஓரத்தில் பொறித்திருக்கிறது: 2013. என் வண்டியே 2016. போன மாதம் வாங்கிய புதுச் சாமான் வண்டிக்கு முன்னாலேயே எப்படிப் பிறந்தது? பக்கவாட்டில் சின்னதாக இரண்டு ஓட்டை. ஏதோ தகடு அடித்திருந்து பிடுங்கியிருக்கிறார்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, சரி. பழைய கியர்பாக்ஸைத் திருப்பி அனுப்பினால்தான் ஆயிற்று என்று கடைக்காரர் நின்றாரே, அப்போதாவது ஏன் என்று கேட்டிருக்கலாம். புதுசு விற்கிறவருக்கு என் பழசு எதற்கு? அடுத்தவருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கத்தான்.

இந்த வாரம் தேவிப்ரியா வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். இறங்குகிற இடத்திலிருந்து ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர். சூம்பிய இடது காலில் இரும்புக் காலிபரைக் கட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு பக்கம் தோல் உரிந்துவிட்டது. அவள் வீட்டை அடைந்தபோது கிளம்புகிற நேரம் வந்திருந்தது. மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போகவே இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் எழுதுங்கள். நான் வண்டி வாங்கிய நாளிலிருந்தே விற்று விடு, விற்று விடு என்கிறீர்கள். நின்று நின்று போகிற ஒரு கியர்பாக்ஸை மாட்டினால் நானே சலித்துப்போய் விற்றுவிடுவேன் என்று நினைத்தீர்களா? ஓரளவுக்கு ஓடினால் போதும் என்று வாங்கினீர்களா?

செல்வி


கோயம்புத்தூர்,
1 ஆகஸ்ட் 2024

செல்விக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை ஏஞ்சலிடம் காட்டவில்லை.

நீ நடுரோட்டில் நிற்க வேண்டும் என்று நான் ஒரு சாமானை வாங்கினேன் என்கிறாய். ஒரு வாரமாக அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

நீ வண்டி ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. பயம். அதை மறைக்கவில்லை. அந்தப் பயத்தால்தான் அந்தக் கடையில் பழசு வேண்டாம், எவ்வளவு ஆனாலும் புதுசே போடுங்கள் என்று கெஞ்சினேன். கடையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள்.

வேறு எழுத மனம் இல்லை.

அந்தோணி


இலுப்பூர்,
6 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

அந்தப் பத்தியை எழுதியிருக்க வேண்டாம். கால் எரிச்சலில் எழுதிவிட்டேன் என்று சொன்னால் அதுவும் சாக்குத்தான். அப்படி நான் நினைக்கவில்லை. எழுதும்போது நினைத்தேன், தபாலில் போட்டபின் நினைக்கவில்லை.

ஆனால் கியர்பாக்ஸ் பழசுதான். அதில் மாற்றமில்லை.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். உடனே கூப்பிட வேண்டாம். எழுதுவதுதான் நமக்குச் சரியாக வருகிறது.

செல்வி


கோயம்புத்தூர்,
12 ஆகஸ்ட் 2024

சேசு மரி சூசை

செல்விக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே, மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அந்தக் கடைக்குப் போனேன். நீ எழுதிய ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன், பரீட்சைக்குப் போகிற மாதிரி.

சூர்யபிரகாஷ் டீ வாங்கிக் கொடுத்தார். நான் ரப்பர் மேல் பெயின்ட் என்றேன், இரண்டு தையல் என்றேன், 2013 என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "உள்ள இருக்கற பிளேட்டு, பேரிங், சீலு எல்லாமே புதுசுங்க சார். கூடு மட்டும்தான் பழசு. கூட்டுக்குள்ள இருக்கறதுதானுங்க வண்டிய ஓட்டுது? அப்ப புதுசுன்னு சொன்னா என்ன தப்புங்க?"

"பழசுன்னு சொல்லியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்" என்றேன்.

"அதனாலதானுங்க சொல்லலை" என்றார். முகத்தில் ஒரு வெட்கம் இல்லை.

அப்புறம்தான் கத்தினேன். நீ கேட்டிருந்தால் போனை வைத்திருப்பாய். தெருவே கூடிவிட்டது. அதில் ஒருவர் போலீஸ், கோர்ட் என்று ஆரம்பித்ததும் சூர்யபிரகாஷ் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். எல்லாம் தகடு. கட்டைவிரல் அகலத்துக்கு அலுமினியத் தகடு, ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர், 'மறு உற்பத்தி' என்று இங்கிலீஷில். இதைப் பிடுங்கினால் புதுசு, பிடுங்காவிட்டால் பழசு. அவ்வளவுதான் வியாபாரம். நம்பரைப் பார்த்து நம்முடையதைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

தகட்டில் இருந்த ஊர் எது என்று நினைக்கிறாய்? திருச்சி. உனக்குப் பக்கத்தில் இருக்கிற ஊரிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து, பெயர் மாறி, நான் லாரி வைத்து உனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

திருச்சிப் பட்டறைக்குப் போன் போட்டேன். வனிதா என்று ஒரு பெண், அங்கே பொறுப்பில் இருக்கிற இன்ஜினியர். தகடு பிடுங்கிய விஷயம் கேட்டு என்னைவிட அவருக்குத்தான் கோபம். "நாங்க பழசுன்னு சொல்லியே விக்கிறோம் சார், அதுக்கு வாரண்டியும் குடுக்கிறோம். வண்டியோட கொண்டு வாங்க, பாத்துத் தாரோம்" என்றார். ஒரே ஒரு நிபந்தனை: அடிமூடியில் சிவப்பு ஸ்டிக்கர் இருக்கும், அது கிழியாமல் இருக்க வேண்டும்.

ஆகவே கருப்பனிடம் சொல். ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது. பார்க்கவும் கூடாது.

அந்தோணி


இலுப்பூர்,
16 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

ஸ்டிக்கர் போய்விட்டது.

போன மாதமே போய்விட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். கருப்பன், "டீச்சர், இதுல என்னமோ எழுதியிருக்கே" என்று தயங்கினார். நான் படித்தேன். பிரித்தால் வாரண்டி கிடையாது என்று எழுதியிருந்தது. ஏமாற்றுக்காரர்கள் ஒட்டிய ஸ்டிக்கருக்கு என்ன மரியாதை என்று கிழிக்கச் சொன்னது நான். கருப்பனைத் திட்டி ஒரு வரி எழுதினால் நம்பரை மறுபடி தடுத்துவிடுவேன்.

உள்ளே எல்லாம் புதுசாகத்தான் இருந்தது. அப்போதே எழுதியிருக்கலாம். எழுதினால் நீங்கள் சொல்வதில் பாதி சரியாகிவிடும் என்று எழுதவில்லை.

கருப்பன் திரும்ப மாட்டி வைத்திருக்கிறார். கொஞ்ச தூரம் போகிறது, சூடாகிறது, நிற்கிறது. திருச்சிக்கு எப்படிக் கொண்டு போவது?

செல்வி


கோயம்புத்தூர்,
29 ஆகஸ்ட் 2024

சேசு மரி சூசை

செல்விக்கு,

சனிக்கிழமை நடந்தது உனக்குப் பாதி தெரியும். நான் பிடித்து வந்த இழுவை வண்டியின் முன் சீட்டில் இலுப்பூரிலிருந்து திருச்சி வரை நாம் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்ததும், டிரைவர் சங்கடப்பட்டுப் பாட்டுப் போட்டதும் தெரியும். பட்டறையில் அந்தப் பெண் வனிதா இரண்டு கியர்பாக்ஸைப் பலகை மேல் வைத்து, "இதுல எதுங்க புதுசு?" என்று கேட்டபோது, நான் பளபளப்பானதைக் காட்டியதும் தெரியும். இவ்வளவு எழுதி, இவ்வளவு சண்டை போட்டு, கடைக்காரரிடம் பாடம் ஒப்பித்துவிட்டு வந்தும் அதைத்தான் காட்டினேன். நீ சிரித்தாய். பட்டறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாய்.

நீ மதியம் மீட்டிங் என்று பஸ் ஏறிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

அவர்கள் கியர்பாக்ஸைச் சோதித்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் வனிதா ஒரு வாளியைக் கொண்டுவந்து காட்டினார். ஆயிலைக் குளிர வைக்கிற குழாய் ஒன்று முன்னால் ரேடியேட்டர் பக்கம் போகிறதாம். அதற்குள்ளிருந்து கறுப்பாகச் சேறு, கையில் தேய்த்தால் மினுக்மினுக்கென்று இரும்புத் தூள். "பழைய கியர்பாக்ஸ் தேஞ்சு கொட்டினது சார். வேற மாட்டும்போது இந்தக் குழாயக் கழுவணும். கழுவாம மாட்டிட்டாங்க. ஆயில் ஓட வழியில்ல, சூடாகி நிக்குது. கியர்பாக்ஸ் மேல தப்பு இல்ல. நிஜமாவே புதுசு போட்டிருந்தாலும் இப்படித்தான் நின்னிருக்கும்."

கருப்பனைத் திட்டி ஒரு வரியும் எழுதவில்லை, கவனித்துக்கொள். நீ சொன்னது போல அது பழசு. நான் சொன்னது போல மாட்டியதில் கோளாறு. இரண்டு பேரும் சரியாகச் சொல்லி, ஒன்றரை மாதம் பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை.

ஸ்டிக்கர் கிழிந்ததற்காக வனிதா வாரண்டி தர முடியாது என்றார். குழாயைக் கழுவி ஆயில் மாற்றுவது பெரிய வேலை இல்லை, முடித்துக் கொடுத்தார்கள். தகட்டையும் அது இருந்த இடத்திலேயே அடித்துவிட்டார். இனி யாரும் அதைப் புதுசு என்று விற்க முடியாது.

அப்புறம் உன் வண்டியை நான் இலுப்பூருக்கு ஓட்டி வந்தேன். இதுதான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தது.

திருச்சியைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை பின்னால் வந்தவர்களிடம் திட்டு வாங்கினேன். கிளட்ச் இல்லாத வண்டி நான் ஓட்டியதே இல்லை. வேகம் குறைக்கிறபோதெல்லாம் இடது கால் தானாகப் போய் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறது, வண்டி குதித்து நிற்கிறது. கடைசியில் அந்தக் காலை மடக்கி சீட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு ஓட்டினேன். விராலிமலை வந்தபிறகுதான் மூச்சு சீரானது. நீ ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு வருவேனே, அப்போதெல்லாம் வண்டி இப்படி ஒரு தடவையும் குதித்ததில்லை. அதை நான் கவனித்ததும் இல்லை.

மாடி அறையில் ஏஞ்சல் தையல் மிஷினைப் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அந்தோணி


இலுப்பூர்,
22 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. ஓட்டிப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

பட்டறைப் பெண், நன்றாகச் செய்த பழசு புதுசைவிட மேல், முதலில் இருந்த பலவீனத்தையும் சரிசெய்துதான் பூட்டுகிறோம் என்றாரே. அதை என் காலோடு ஒப்பிட்டு நீங்கள் ஏதும் எழுதாததற்கு நன்றி. எழுதுவீர்கள் என்று பயந்தேன்.

கருப்பனிடம் குழாய் விஷயத்தைச் சொன்னேன். "டிராக்டர்ல அந்தக் குழாய் இல்லீங்க டீச்சர்" என்றார். டிராக்டர் பார்க்கிறவர் என்று நீங்கள் எழுதிய அதே வார்த்தை. இதை உங்களிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன், சொல்லிவிட்டேன். சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை முகாம். தேவிப்ரியாவை இந்தத் தடவை முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, தலையணை கொடுத்து, துப்பட்டாவால் சீட்டோடு கட்டினோம். பொன்னுத்தாய் பின்னாலிருந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டது. அன்னவாசல் தாண்டும்போது வண்டியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். அந்தக் கருவ மரம் வந்தது, போனது. பொன்னுத்தாய் மட்டும், "போகுதுங்க டீச்சர்" என்றது, போகிறது என்பது எனக்குத் தெரியாத மாதிரி.

அளவெடுக்கிற பையன்கள் நல்ல மாதிரி. கழுத்துக்கு, இடுப்புக்கு, பாதத்துக்கு என்று தனித்தனியாக எடுத்தார்கள். நாற்காலி வருவதற்கு நாளாகும். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டபோது தேவிப்ரியா பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். பின்னால் வரிசை நின்றது. ஒரு அதிகாரி பேனாவைத் தட்டினார். "பச்ச" என்றாள். பச்சை இல்லை, நீலமும் சிவப்பும்தான் என்றார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிவப்பு என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதற்கு வழி நெடுக என்னிடம் கோபம்.

திரும்பும்போது இலுப்பூர் வந்து அவள் ஊருக்குத் திரும்புகிற இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். "வேணாம்" என்றாள். என்ன வேண்டாம் என்று கேட்டேன். கண்ணால் நேர் ரோட்டைக் காட்டினாள். பொன்னுத்தாய், "ஏ, டீச்சருக்கு வேல இருக்காது? இங்கிட்டுத் திருப்புங்க, அவ கெடக்கா" என்றது. "வேணாம்" என்றாள் மறுபடியும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் எவ்வளவு பாடுபட வேண்டும் என்று தினம் பார்க்கிறவள் நான். அதை இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

விராலிமலை ரோட்டில் விட்டேன்.

அவள் இவ்வளவு தூரம் முன்னால் பார்த்துக்கொண்டு போனதில்லை. படுத்துக்கொண்டு போனால் கண்ணாடியில் வானமும் கரண்ட் கம்பியும்தானே தெரியும். எதிரே லாரி வந்தால் உடம்பே அதிர்கிறாள், அது தாண்டியதும் சிரிக்கிறாள். ஒரு இடத்தில் மயில்கள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. நிறுத்தினேன். கடைசி மயில் நடுரோட்டில் நின்று, போகவும் இல்லை, வழிவிடவும் இல்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. நான் நகர்த்தவில்லை. தேவிப்ரியா அதன் தோகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்ப முயன்று, முடியாமல், கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள்: "பச்ச."

அதுதான் அவள் கேட்ட பச்சை. நான் எழுதிக் கொடுத்ததை மாற்ற முடியுமா என்று திங்கட்கிழமை புதுக்கோட்டைக்குப் போய்க் கேட்கப் போகிறேன். பெயின்ட் அடித்தாவது கொடுக்கச் சொல்வேன். பெயின்ட் அடிப்பதைப் பற்றி இனி நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

கிறிஸ்மஸுக்கு நீங்களும் அண்ணியும் இங்கே வாருங்கள். ஆவூர் மாதா கோயிலுக்கு என் வண்டியில் போகலாம், நான் ஓட்டுகிறேன். நீங்கள் பின் சீட்டில் உட்கார வேண்டும். முன் சீட்டுக்கு இப்போது ஆள் இருக்கிறது.

செல்வி